மலையில் பட்டக் காலம்: குளிர் தொடங்கும்போது அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புரட்டாசி பாதி கடந்ததும் நீலகிரியிலும் கொடைக்கானல் பக்கத்திலும் மாலைக் குளிர் ஸ்வெட்டரைத் தேட வைக்கும். பட்டம் விடுகிறவர்களுக்கு இது காத்திருக்கும் காலம். தை மாதத்தில் பட்டம் சரியாக நிற்குமா என்பது இந்த இரண்டு மூன்று மாதங்களில் செய்யும் வேலையைப் பொறுத்தது. அந்த வேலைகளையும், காலம் தொடங்கிய பிறகு வரும் சந்தேகங்களையும் இங்கே சேர்த்திருக்கிறோம்.

சமவெளியில் ஆடியில்தானே பட்டம் விடுகிறார்கள்? மலையில் ஏன் தை வரை காத்திருக்க வேண்டும்?

சமவெளிக்கு வரும் ஆடிக்காற்று, மேற்குத் தொடர்ச்சி மலையில் ஈரத்தைக் கொட்டிவிட்டு வறண்டு இறங்குகிற காற்று. அந்த ஈரம் கொட்டுகிற இடமே நம் மலைதான். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை பெய்தது. ஆடியில் இங்கே காற்றுக்குக் குறைவில்லை. ஆனால் மேகம் தரையோடு ஓடும், மரம் சாயும், பத்தடி தள்ளி நிற்பவர் தெரிய மாட்டார்.

அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் நனையும். மார்கழி பிற்பாதியில் மழை ஓய்ந்து, கிழக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வறண்ட காற்று வரும். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் பொங்கலன்று பெரிய பெரிய பட்டங்களைத் தூக்குவதும் இதே வடகிழக்குக் காற்றுதான். ஆகவே மலைக்குப் பட்டக் காலம் மார்கழிக் கடைசி தொடங்கி மாசி முடிய. கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடரில் மழை விடக் கொஞ்சம் தாமதமாகும், அங்கே பொங்கலையே தொடக்கமாக வைத்துக்கொள்ளலாம். பங்குனியில் வெயில் ஏறி காற்று அடித்து அடித்து ஓயும், காட்டுத்தீ காலமும் அதுதான்.

அதுவரை பட்டத்தைத் தொடவே கூடாதா?

தொடலாம். இரண்டு மழைக்கு நடுவே இரண்டு மூன்று நாள் வெறித்துக் கிடக்கும். அப்போது முற்பகலில் விட்டுப் பார்க்கலாம். ஆனால் ஐப்பசியில் மதியத்துக்கு மேல் இடிமழை வழக்கம். முதல் இடி காதில் விழுந்ததுமே பட்டத்தை இறக்குங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரமாவது ஆகாமல் மறுபடி ஏற்ற வேண்டாம். ஈர நூலும் மேட்டில் தனியே நிற்கும் ஆளும் மின்னலுக்கு வழி காட்டுவதாகிவிடும்.

உறைபனி விழுந்த காலையில் வானம் பளிச்சென்று இருக்கிறது. காற்று மட்டும் இல்லையே, ஏன்?

வானம் தெளிவாக இருப்பதாலேயே அப்படி. மேகப் போர்வை இல்லாத இரவில் தரைச் சூடு முழுவதும் வெளியேறிவிடும். குளிர்ந்த காற்று கனமானது, அது சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். தலைக்குந்தா போன்ற தாழ்வான இடங்களில் புல் வெள்ளையாகிற அதே காலையில், மேட்டிலுள்ள தேயிலைத் தோட்டத்தில் பனி இருக்காது. இப்படித் தேங்கிய குளிர்க்காற்றின் மேல் பொதுக்காற்று வழுக்கிப் போய்விடுகிறது, கீழே இறங்குவதில்லை.

வெயில் தரையில் பட்டு அந்தத் தேக்கம் கலைய ஒன்பதரை, பத்தரை ஆகும். அதற்கு முன் பள்ளத்தில் நின்று ஓடி ஓடி ஏற்றுவது வீண். பதினொன்று முதல் மூன்று வரை நல்ல நேரம். நான்கு மணிக்கு மேல் சரிவுகளில் மேகம் ஏறி வரும், பட்டம் கண்ணுக்கு மறையும் முன் இறக்கிவிடுங்கள். ஐப்பசியில் நீர்ப்பனி விழும் காலைகளிலும் இதே கணக்குதான், காற்று மட்டும் இன்னும் பலவீனமாக இருக்கும்.

எந்த மாதிரி இடத்தில் நிற்க வேண்டும்?

மலையில் பட்டம் கெடுவதற்குப் பெரும்பாலும் காரணம் பட்டம் அல்ல, நின்ற இடம். காற்று வரும் பக்கத்தில் மரமோ கட்டடமோ இருந்தால், அதன் உயரத்தைப் போல் ஏழு முதல் பத்து மடங்கு தூரம் வரை காற்று சுழன்று கிடக்கும். 20 மீட்டர் கற்பூர மரங்கள் வரிசையாக நின்றால் அதன் பின்னால் 150, 200 மீட்டர் தள்ளிப் போக வேண்டும் என்று அர்த்தம்.

மேட்டின் உச்சிக்குப் பின்பக்கம் அதைவிட மோசம். அங்கே காற்று உச்சியைத் தாண்டிக் கீழ்நோக்கி மடங்கும். பட்டம் திடுமென நூல் தளர்ந்து தலைகீழாக விழுந்தால், பெரும்பாலும் நீங்கள் அந்த மடிப்பில் நிற்கிறீர்கள். காற்று வரும் சரிவில், உச்சிக்குக் கொஞ்சம் கீழே, முதுகைக் காற்றுக்குக் கொடுத்து நிற்பதே சரி. பின்னால் செங்குத்துப் பள்ளம் இருக்கிற இடத்தில் வேண்டாம். பட்டத்தைப் பார்த்தபடியே காலைப் பின்னுக்கு வைப்பது எல்லோருக்கும் வருகிற பழக்கம்.

புல்வெளி திறந்து கிடக்கிறது என்று வென்லாக் டவுன்ஸ் பக்கம் போகாதீர்கள், அது காப்புக்காடு. முக்குருத்தி பற்றிக் கேட்கவே வேண்டாம், தேசியப் பூங்கா. வெலிங்டன் படைப்பிரிவு எல்லையையும், ஊட்டி தீட்டுக்கல் ஹெலிபேடு சுற்றுவட்டத்தையும் விட்டுவிடுங்கள். கோத்தகிரி காந்தி மைதானம் போன்ற பொது மைதானங்கள், பள்ளி மைதானங்கள், ஹட்டிகளை (படகர் ஊர்களை) ஒட்டிய திறந்த வெளிகள் போதும். எங்கும் முதலில் கேட்டுவிட்டுத்தான். ஹட்டியில் ஊர்ப் பெரியவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் எந்த நேரம் மாடு மேயும், எங்கே காற்று நேராக வரும் என்பதையும் அவரே சொல்வார்.

கருவி இல்லாமல் காற்றின் வேகத்தை எப்படி அறிவது?

மரத்தைப் பாருங்கள். இலை மட்டும் சலசலத்தால் மணிக்கு 6 முதல் 11 கி.மீ., மெல்லிய பட்டம்தான் ஏறும். இலையும் சிறு குச்சியும் ஓயாமல் ஆடினால் 12 முதல் 19 வரை, இதைவிட நல்ல காற்று வேண்டாம். சில்வர் ஓக் இலைகள் புரண்டு வெள்ளி நிறம் தொடர்ந்து தெரியும் வேகமும் ஏறக்குறைய இதுதான். புழுதி கிளம்பி, சிறு கிளைகள் அசைந்தால் 20 முதல் 28, வால் கட்ட வேண்டும். சின்ன மரங்கள் முழுதாகச் சாய்ந்தாடினால் 29க்கு மேல் போய்விட்டது. வீட்டுக்குப் போங்கள்.

தேயிலைச் செடியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கவாத்து செய்த செடி எந்தக் காற்றிலும் அசையாது.

கோயம்புத்தூரில் நன்றாகப் பறந்த பட்டம் ஊட்டியில் ஏற மறுக்கிறது. பட்டம் கெட்டுவிட்டதா?

இல்லை. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிர் காற்றைக் கொஞ்சம் அடர்த்தியாக்கினாலும், உயரம் அதைவிட அதிகமாகக் குறைத்துவிடுகிறது. 10 டிகிரிக் குளிரில் ஊட்டிக் காற்றின் அடர்த்தி, 30 டிகிரியில் உள்ள கடற்கரைக் காற்றைவிட 18 சதவீதம் போலக் குறைவு. தூக்கும் விசையும் அதே அளவு குறையும். சென்னையில் 10 கி.மீ. வேகத்தில் எழும்பும் பட்டத்துக்கு இங்கே 11 கி.மீ. வேண்டும். அதனால் மலைக்குச் செய்யும் பட்டத்தில் எடை குறைக்க வேண்டும், அல்லது பரப்பைக் கூட்ட வேண்டும்.

மலைக்காற்றுக்கு எந்தப் பட்டம் பொருத்தம்? வீட்டில் செய்ய அளவு சொல்லுங்கள்.

திசை மாறி மாறி அடிக்கும் காற்றில் தட்டையான சதுரப் பட்டம் தத்தளிக்கும். குறுக்குக் குச்சியை வில்லாக வளைத்த வைரப் பட்டம் தானே நேராகிக்கொள்ளும். முதல் பட்டமாக இதையே செய்யுங்கள்.

முதுகுக் குச்சி 90 செ.மீ., குறுக்குக் குச்சியும் 90 செ.மீ. நன்கு காய்ந்த மூங்கிலில் 6 மி.மீ. அகலம், 4 மி.மீ. கனம் இருக்கச் சீவுங்கள். குறுக்குக் குச்சியைச் சரிநடுவில் விரல்மேல் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கத்தை இன்னும் சீவ வேண்டும், இல்லாவிட்டால் பட்டம் காலமெல்லாம் அந்தப் பக்கமே சாயும். முதுகுக் குச்சியின் மேல் நுனியிலிருந்து 18 செ.மீ. கீழே குறுக்குக் குச்சியின் நடு சேர வேண்டும். ஆணி அடிக்காமல் நூலால் பெருக்கல் குறியாகக் கட்டி, முடிச்சில் ஒரு சொட்டுப் பசை விடுங்கள்.

நான்கு முனையையும் நூலால் சுற்றிச் சட்டம் போட்டு, துணியை ஒரு செ.மீ. மடிப்பு விட்டு வெட்டித் தையுங்கள். நைலான் துணியாக இருந்தால் சூடான சால்டரிங் அயர்னால் வெட்டினால் ஓரம் பிரியாது. துணி மேளத்தோல் மாதிரி விறைப்பாக வேண்டாம், லேசாகத் தளர்ந்திருக்கட்டும். கடைசியாகக் குறுக்குக் குச்சியின் இரு முனையையும் பின்பக்கம் நூலால் இழுத்து, நடுவில் 9 செ.மீ. ஆழம் வரும்வரை வில்லாக்குங்கள். மூங்கிலின் வழுவழுப்பான தோல் பக்கம் வில்லின் வெளிவளைவில் இருக்க வேண்டும். உள்ளே வைத்தால் நார் நாராகப் பிளக்கும். மொத்த எடை 50 கிராம் சுற்றி வந்தால் சரியாகச் செய்திருக்கிறீர்கள். வீட்டுக்குத் திரும்பியதும் வில் நூலைத் தளர்த்திவிடுங்கள், இல்லாவிட்டால் மூங்கில் அந்த வளைவிலேயே சோர்ந்துவிடும்.

சூத்திரம் எப்படிக் கட்டுவது? பட்டம் சுழல்கிறது, முட்டுகிறது, ஏறவே இல்லை.

சூத்திரம் என்பது முதுகுக் குச்சியில் இரண்டு இடத்தில் கட்டி முன்பக்கம் ஒரு முடிச்சில் சேரும் நூல். அந்த முடிச்சில்தான் கை நூல் மாட்டுகிறது. மேலே சொன்ன பட்டத்துக்கு 125 செ.மீ. நூல் எடுங்கள். ஒரு முனை குச்சிகள் சேரும் இடத்தில், மறுமுனை கீழ் நுனியிலிருந்து 15 செ.மீ. மேலே. இரண்டு இடத்திலும் துணியில் ஊசித் துளை போட்டு, துளையைச் சுற்றிச் சிறு துணித்துண்டு ஒட்டினால் கிழியாது. கட்டியபின் மேல் கால் 38 செ.மீ., கீழ் கால் 65 செ.மீ. வரும்படி நடுவில் ஒரு சிறு வளையத்தைச் சுருக்கு முடிச்சாகப் போடுங்கள். இறுக்கினால் பிடித்து நிற்க வேண்டும், தளர்த்தினால் நகர வேண்டும். அதனால் அங்கே பசை கூடாது.

இனி அந்த வளையம்தான் எல்லாம். பட்டம் கையை வலுவாக இழுத்துக்கொண்டு தாழவே நின்று, பக்கத்துக்குப் பக்கம் ஆடிச் சுழன்றால் வளையம் மிகக் கீழே இருக்கிறது. ஒரு செ.மீ. மேலே, மூக்குப் பக்கம் நகர்த்துங்கள். இழுவையே இல்லாமல் படபடத்து, தலைக்கு மேலே வந்து மூக்கைக் குத்தி விழுந்தால் வளையம் மேலே போய்விட்டது, கீழே இறக்குங்கள். பலத்த காற்றுக்கு மேலே, மெல்லிய காற்றுக்குக் கீழே. ஒவ்வொரு முறையும் ஒரு செ.மீ.க்கு மேல் நகர்த்தாதீர்கள். சரியாக நின்ற இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்தால் மறுநாள் தேட வேண்டாம்.

எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்தால் அது சூத்திரத்தின் குற்றமல்ல. வில்லின் இரு பக்க வளைவும் சமமா என்று பாருங்கள். வளைவு சரியாக இருந்தும் காற்று அடித்து அடித்து ஓய்கிற நாளில் ஆட்டம் நிற்காவிட்டால் மூன்று, நான்கு மீட்டர் நீளத்தில் இரண்டு விரல் அகலத்தில் துணி வால் கட்டுங்கள்.

காகிதம் போதாதா? துணிதான் வேண்டுமா?

தை மாத மதியத்துக்குக் காகிதம் போதும். ஐப்பசி, கார்த்திகைக்குத் துணி. மேகம் ஒருமுறை தொட்டுப் போனாலே டிஷ்யூ காகிதம் தொய்ந்துவிடும், மைதாப் பசை விட்டுவிடும். சதுர மீட்டருக்கு 40 கிராம் சுற்றி உள்ள ரிப்ஸ்டாப் நைலான் சிறந்தது. கிடைக்காவிட்டால் பழைய குடைத்துணி. எடை கொஞ்சம் கூடும், ஆனால் நனைந்தாலும் கவலையில்லை.

மைதாப் பசை மலை ஈரத்தில் பூசணம் பிடிக்கும், பூச்சி அரிக்கும். அதற்கு மயில்துத்தம் சிட்டிகை சேர்க்கும் வழக்கம் உண்டு. அது விஷம். பிள்ளைகள் கையில் படும் பட்டத்துக்கு வேண்டாம், பசையை அன்றன்று காய்ச்சிக்கொள்ளுங்கள்.

நூல் என்ன வாங்குவது?

மேலே சொன்ன பட்டத்துக்கு 10 கிலோ இழுவை தாங்கும் பின்னல் பாலியஸ்டர் நூல், 100 மீட்டர். சாதாரணக் காற்றில் பட்டம் இழுப்பது ஒரு கிலோவுக்கும் குறைவுதான். ஆனால் வேகம் இரட்டித்தால் இழுவை நான்கு மடங்காகும், முடிச்சு போட்ட இடத்தில் நூலின் வலு பாதி வரை குறையும். பருத்தி நூல் நனைந்தால் அறுவதில்லை, எடைதான் கூடும். ஆனால் ஈரத்தோடு சுற்றி வைத்தால் உள்ளுக்குள்ளேயே மக்கும். நைலான் நனைந்தால் வலு குறையும், இழுத்தால் நீளும். நீண்ட நிலையில் பிளாஸ்டிக் உருளையில் சுற்றினால் மெல்லச் சுருங்கி உருளையையே நசுக்கும். அதனால் ஒருவர் நூலைக் கையுறையால் அழுத்திக்கொண்டே பட்டத்தை நோக்கி நடந்து இறக்க, தளர்ந்த நூலை மற்றவர் சுற்ற வேண்டும்.

மாஞ்சா கூடவே கூடாது. நைலான் மாஞ்சாவைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017இல் நாடு முழுவதும் தடை செய்தது. மலையில் அதன் ஆபத்து இரட்டிப்பு. நாம் மேலே நிற்போம், சாலை நமக்குக் கீழே வளைந்து வளைந்து போகும். பட்டம் அறுந்தால் நூல் சரிவில் தொய்ந்து, கொண்டை ஊசி வளைவில் வரும் இரு சக்கர வண்டிக்காரரின் கழுத்து உயரத்தில் கிடக்கும். சாதா நூலுக்கும் இது பொருந்தும். கீழே சாலை இருக்கும் சரிவை விட்டுவிடுங்கள்.

மின்கம்பியில் மாட்டினால்?

நூலை விட்டுவிட்டு விலகுங்கள். இழுக்காதீர்கள், கழியால் தட்டாதீர்கள். மின்வாரிய அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். பைக்காரா நீர்மின் திட்டம் 1930களிலிருந்து மின்சாரம் தருகிறது, பிறகு குந்தா திட்டம் வந்தது. அதனால் இந்த மலைகளில் உயரழுத்தக் கம்பிகள் பள்ளத்துக்குப் பள்ளம் தாண்டிப் போகின்றன. மேகத்தில் நனைந்த நூல் மின்சாரத்தைக் கடத்தும். கார்பன் குச்சி நனையாமலேயே கடத்தும். நூல் நீளத்துக்கு இரண்டு மடங்கு தூரத்தில் கம்பி எதுவும் இருக்கக் கூடாது என்பது எங்கள் கணக்கு.

பனியில் பட்டத்தால் இழுபட்டுச் சறுக்கும் விளையாட்டை இங்கே விளையாட முடியுமா?

முடியாது. நார்வேயின் ஹர்டாங்கர்விடா போன்ற பீடபூமிகளில் அதை விளையாடுவது ஆழமாகப் பொழிந்து கிடக்கும் வெண்பனி மேல். நமக்கு வருவது உறைபனி, புல்லின் மேல் சில மில்லிமீட்டர், வெயில் ஏறியதும் போய்விடும்.

ஆனால் அந்த விளையாட்டின் முதல் பாதியான பட்டத்தைக் கையாளும் பழக்கத்தை இங்கேயே கற்கலாம். குல்மார்க் போகும் எண்ணம் உள்ளவர்கள் 2 சதுர மீட்டர் அளவுள்ள, இரு நூல் கொண்ட பயிற்சிப் பட்டத்தோடு தொடங்கலாம். சமதளமான மைதானம், 12 முதல் 18 கி.மீ. காற்று, 20 மீட்டர் நூல். இரு நூலும் ஒரே நீளமா என்று ஒரு முளையில் மாட்டி இழுத்துப் பாருங்கள், 2 செ.மீ. வித்தியாசமே பட்டத்தை ஒரு பக்கம் திருப்பும். முதலில் தலைக்கு மேலும், காற்றுப் பாதையின் இரு ஓரத்திலும் நிறுத்திப் பழகுங்கள், அங்கே இழுவை குறைவு. நேர் எதிரே, தாழ்வாகக் குறுக்கே ஓட்டும்போது இழுவை பல மடங்காகும். ஆள் குப்புற விழுவது அங்கேதான். மணிக்கட்டுப் பட்டையை விட்டதும் பட்டம் காற்றிழந்து விழ வேண்டும். அந்த விடுவிப்பு வேலை செய்கிறதா என்று ஏற்றும் முன்பே சோதியுங்கள். சரிவிலும் தேயிலை ஓரத்திலும் இதை முயலவே வேண்டாம்.

என்ன உடுத்துவது?

5 டிகிரியில் 25 கி.மீ. காற்று வீசினால் உடலுக்கு 0 டிகிரி போலத் தெரியும். கம்பளி ஸ்வெட்டரின் மேல் காற்றுப் புகாத சட்டை, காதை மூடும் குல்லா. கம்பளிக் கையுறையில் நூல் சிக்கும், தோட்ட வேலைக்கான தோல் கையுறை வாங்குங்கள். குளிரில் மரத்த விரலுக்கு நூல் அறுப்பது தெரியாது. நாள் முழுக்க வானத்தைப் பார்ப்பதால் கறுப்புக் கண்ணாடி கட்டாயம், மலை வெயில் குளிரிலும் சுடும்.

பனியில் நனைந்த பட்டத்தை எப்படிக் காய வைப்பது?

வீட்டுக்குள், காற்றோட்டமான இடத்தில், தொங்கவிட்டு. கணப்பு அருகே வைத்தால் நைலான் சுருங்கும், மூங்கில் கோணும். மூடிய அறையில் கரியடுப்பு வைத்துக் காய வைப்பது உயிருக்கே ஆபத்து. அந்தப் புகையில்லாக் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. செல்லோ டேப் ஒட்டுப் போட வேண்டுமானால் துணி நன்றாகக் காய்ந்து, அறைச் சூட்டுக்கு வந்த பிறகு ஒட்டுங்கள். மைதானத்தில் குளிரில் ஒட்டிய டேப் நிற்காது.

காட்டெருமை வந்துவிட்டால்?

ஊருக்குள் பட்டப்பகலிலும் வருகிறதே என்ற கேள்வி நியாயம்தான். தலைக்கு மேல் படபடக்கும் துணி அதை மிரட்டும். சத்தம் போடாமல் நூலைக் கீழே போட்டுவிட்டுப் பின்வாங்குங்கள், பட்டத்தைக் காப்பாற்ற நினைக்க வேண்டாம். தேயிலைக்குள் விழுந்த பட்டத்தைத் தேடி மாலையில் தனியாக இறங்காதீர்கள், கரடியும் சிறுத்தையும் நடமாடும் நேரம். மறுநாள் தோட்ட மேஸ்திரியிடம் சொன்னால் இலை பறிக்கிறவர்கள் எடுத்து வைத்திருப்பார்கள்.

அறுந்த நூலை என்ன செய்வது?

எவ்வளவு கிடைக்கிறதோ அவ்வளவையும் அன்றே எடுத்துவிடுங்கள். புதரில் கிடக்கும் நூல் பறவையின் காலில் சுற்றும், மேயும் மாட்டின் வயிற்றுக்குள் போகும். சேகரித்த நூலை விரல் நீளத் துண்டுகளாக வெட்டி, பிறகு குப்பையில் போடுங்கள். மரத்தில் எட்டாத உயரத்தில் மாட்டியிருந்தால் இழுத்து அறுக்காமல், மரம் ஏறத் தெரிந்தவரைக் கூப்பிட்டு இறக்குங்கள். மின்கம்பி அருகிலுள்ள மரமானால் அதுவும் வேண்டாம், மின்வாரிய ஆட்களிடமே விட்டுவிடுங்கள்.